மழையைக் கால் மணிக் கணக்கிலும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பருவமழைக் காலத்தில் நீங்கள் உள்பக்கத்தில் வெளியிடும் மழை அளவுப் பட்டியலைப் பற்றியது இக்கடிதம். மேலூர், சிட்டம்பட்டி, கள்ளந்திரி, பேரையூர் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டரில் தருகிறீர்கள். விதைப்புக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும் கண்மாய்ப் பாசனக்காரருக்கும் அது தேவையான கணக்கு. ஆனால் அது 24 மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லும் கணக்கு. நகரத்துத் தெருவில் ஏன் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2024 அக்டோபர் 25-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று மதுரையில் பதிவானது 9.8 செ.மீ. வானிலை ஆய்வு மையத்தின் வரையறையில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை வெறும் ‘கனமழை’தான். அதற்கு மேல் ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என்று இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படியிலேயே செல்லூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் மூழ்கக் காரணம், அந்த 9.8-இல் 4.5 செ.மீ. பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் கொட்டியதுதான்.

இதைத் தண்ணீர்க் கணக்காக்கிப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 4.5 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தால் 4.5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 3,750 லோடு. கால் மணியில் அது முழுவதும் வெளியேற வேண்டுமானால் வினாடிக்கு ஏறத்தாழ 1,750 கன அடி ஓட வேண்டும். 10 அடி அகலமும் 5 அடி ஆழமும் உள்ள வாய்க்காலில், வினாடிக்கு 5 அடி வேகத்தில், கரை தொட்டு ஓடினாலும் போவது 250 கன அடிதான். அடியில் 2 அடி வண்டல் படிந்திருந்தால் 150-க்கும் கீழே, ஏனென்றால் ஆழம் குறையும்போது வேகமும் குறைகிறது. பாதி மழை மண்ணுக்குள் இறங்கியது, மீதி மெதுவாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் இந்த இடைவெளி அடைபடாது. அதிலும் கான்கிரீட் மொட்டைமாடியும் தார்ச்சாலையும் நிறைந்த பகுதியில் பாதி எங்கே இறங்கப்போகிறது?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட நகர்ப்புற வெள்ள வழிகாட்டியிலேயே, நம் நாட்டின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 12 முதல் 20 மி.மீ. மழைக்குத்தான் கட்டப்பட்டவை என்று சொல்லப்பட்டிருக்கிறது. கால் மணியில் 45 மி.மீ. என்பது மணிக்கு 180 மி.மீ. வேகம். வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறோம். தூர்வார வேண்டும், அள்ளிய வண்டலைக் கரையிலேயே குவித்து அடுத்த மழையில் உள்ளே சரியவிடவும் கூடாது. ஆனால் முழுதாகத் தூர்வாரிய வாய்க்காலும் அன்றைய மழைக்குப் போதாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பருவநிலை மாற்றத்துக்கு இதில் என்ன பங்கு? காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடாகியிருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. எல்லா மழையையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. 2015 சென்னைப் பெருமழையை ஆராய்ந்தவர்களுக்கு வெப்பமயமாதலின் தடயம் தெளிவாகக் கிடைக்கவில்லை. 2024 ஜூலை வயநாடு மழையை ஆராய்ந்தபோது வெப்பமயமாதலால் அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடியிருந்ததாகத் தெரிந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது வேறு வகை ஆபத்து: அங்கே நாள் முழுக்க விழுந்த மொத்த அளவு, இங்கே வேகம்.

7 சதவீதம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. 4.5 செ.மீ. மழையில் 7 சதவீதம் என்பது சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் லிட்டர். வாய்க்கால் ஏற்கெனவே கரை தொட்டு ஓடும்போது இந்தக் கூடுதலில் ஒரு சொட்டுகூட வாய்க்காலுக்குள் போகாது. அவ்வளவும் வீட்டுக்குள்தான் வரும்.

இந்த இடத்தில்தான் கண்மாய் உதவ வேண்டும். வேகமாக வரும் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விட மதுரையில் வேறு ஏற்பாடு கிடையாது. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. அதை மீட்க முடியாது. மிச்சமிருக்கும் செல்லூர், வண்டியூர் போன்றவற்றில் அக்டோபர் முதல் வாரத்திலேயே மதகைத் திறந்து, கலிங்கு (கண்மாய் நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) மட்டத்துக்குக் கீழே 2 அடி காலியாக வைத்திருக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 2 அடி என்றால் 60 லட்சம் லிட்டருக்கு இடம் கிடைக்கும். நிலத்தடி நீருக்காகக் கண்மாய் நிரம்பியிருக்க வேண்டும் என்பவர்களின் கவலையும் நியாயமானதே. நவம்பர் கடைசியில் மதகை அடைத்தால் அவர்களுக்கும் தண்ணீர் நிற்கும். கலிங்கு வழிந்த பிறகு மதகைத் திறப்பதில் பயனில்லை. அப்போது வைகையில் போய்ச் சேரும் பந்தல்குடி வாய்க்காலில், கலிங்கில் வழியும் மறுகால் நீரும் தெருநீரும் ஒன்றாக வந்து முட்டும். வைகையிலும் வெள்ளம் ஓடினால் வாய்க்கால் நீர் ஆற்றில் இறங்காமல் எதிர்த்து ஏறும்.

எந்த மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுக்கத்தான் கால் மணிக் கணக்கு வேண்டும். தானியங்கி மழைமானிகள் அதைத் தாமாகவே பதிவு செய்யும். உள்ளே சிறு வாளி நிரம்பிச் சாயும் வகை மானிகளில் இரண்டு குறைகள்: பெருமழையில் வாளி சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது, அதனால் அளவு குறைத்தே காட்டும், புனலில் இலையோ பறவை எச்சமோ அடைத்துக்கொண்டால் சுத்தமாக ஏமாற்றும். வாரம் ஒருமுறை புனலைத் துடைக்க ஆள் வேண்டும். பக்கத்துச் சுவரோ மரமோ 10 அடி உயரம் என்றால் மானி 20 அடி தள்ளி இருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் ‘ஒரு நாள் மழை’க்குப் பக்கத்தில் ‘அதிகபட்ச 15 நிமிட மழை’ என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டுகிறேன். தானியங்கி மானி இல்லாத ஊருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். எங்கெல்லாம் மானி வைக்க வேண்டும் என்பதை அந்தக் காலி இடங்களே காட்டிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
வாசகர், நரிமேடு, மதுரை