தக்காளி விலை: நடுவில் இருப்பதெல்லாம் லாபம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் தோட்டத்து விலையையும் கடை விலையையும் அருகருகே போட்டு, நடுவில் இருப்பதெல்லாம் வியாபாரியின் லாபம் என்று எழுதிவிடுகிறார்கள். காய்கறி வணிகத்தை ஆராய வரும் கல்லூரி மாணவர்கள் போடுவதும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். தக்காளிக்கு நாம் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்கிறது ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. மிச்சம் 67 காசு எங்கெங்கே கரைகிறது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில் விலை போகிறது. ஒரு கடைக்காரர் பெட்டியை 280 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வையுங்கள். கிலோ 20 ரூபாய். நசுங்கலும் அழுகலும் ஒன்றரை கிலோ கழிந்தால் அடக்கமே 22 ரூபாய் 40 காசு. சாயங்காலம் தேங்கிய 4 கிலோவை 15 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால், போட்ட முதலை எடுக்கவே மற்ற எட்டரை கிலோவை 26 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். வண்டி வாடகையும் ஏற்றுகூலி இறக்குகூலியும் இதில் சேரவில்லை.

அதனால் ஆராய்கிறவர்கள் ஒரே தோட்டத்தில் பத்துப் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடையாளம் போட்டு, கூடவே போக வேண்டும். காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, பறித்த இடம், மண்டி, கடை, மறுநாள் மாலை என நான்கு முறை நிறுக்க வேண்டும். கழிவை மொத்தமாக எழுதினால் பயனில்லை. நசுங்கல், வெடிப்பு, அழுகல், அதிகம் பழுத்தது எனத் தனித்தனியாக எழுதுங்கள். பறித்த நேரமும் காயின் நிறமும் அவசியம். செங்காய் பயணத்தைத் தாங்கும்; முழுப் பழம் தாங்காது. விளிம்புக்கு மேல் குவித்த பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை அடுக்கினால், பாரம் முழுக்கப் பழத்தின் மேல்தான் இறங்கும். அந்தப் பழம் மண்டியில் நல்ல காயாகவே தெரியும், மறுநாள் கடையில்தான் நீர் விடும். கழிவு கடைக் கணக்கில் ஏறுகிறது; காரணமோ தோட்டத்திலோ லாரியிலோ நடந்துவிட்டது. கடையில் மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான்.

தேதியையும் கவனிக்க வேண்டும். இன்று பறித்த காய் நாளைதான் கடைக்கு வரும். விலை வேகமாக மாறும் வாரத்தில் ஒரே நாளின் இரு விலைகளை ஒப்பிட்டால் இல்லாத லாபமும் தெரியும், இருக்கும் லாபம் மறைந்தும் போகும்.

விவசாயியிடம் விலையோடு, மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். வாங்கியவர் காயை அந்த மண்டிக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று பிடித்தால், அதற்குள் கடனுக்கான விலையும் ஒளிந்திருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் 'விவசாயி ஏன் வேறு இடத்தில் விற்கவில்லை' என்று கேட்பது நியாயமில்லை.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்த பச்சைத் தக்காளி, வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது. கேரட்டுக்காக அதைவிடக் குளிராக வைத்திருக்கும் அறை தக்காளிக்கு ஆகாது.

தங்கள் நாளிதழ் விலைப் பட்டியலில் 'தக்காளி கிலோ இவ்வளவு' என்பதோடு பெட்டியின் எடை, காயின் தரம், எந்த மார்க்கெட்டின் எந்த நாள் விலை என்பவற்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல் மாவட்டம்