ஹீற் மீற்றர் ஏறினால் எஞ்சினைக் கழற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிக்குடியில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை எங்கள் பக்கத்தில் நெல்லும் மீனும் பழைய டபுள் கெப்களில்தான் ஓடின, இன்றும் ஓடுகின்றன. வண்டியோடு வந்த கம்பனி மீற்றர் செத்துப்போனால், எஞ்சின் சூட்டை முள்ளால் காட்டும் ஹீற் மீற்றரைக் கடையில் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் அந்த முள்ளை மட்டும் நம்பி நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

செங்கலடியிலிருந்து பதுளைக்கு மீன் ஏற்றும் தம்பி ஒருவர் அண்மையில் வந்தார். பகலில் முள் நடுவில் நிற்கிறதாம், இரவில் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் சிவப்பைத் தொடுகிறதாம். ஹெட் கஸ்கட் (எஞ்சினின் ஹெட்டுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றவேண்டும் என்று ஒரு கராச்சில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை: ரேடியேற்றர் தண்ணீர் குறையவில்லை. ஒயில் பால் நிறமாகவில்லை. வண்டியை நிறுத்தியபடியே ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். முள் ஏறியது. அணைத்ததும் இறங்கியது. லைட் போட்ட கணத்திலேயே எந்த எஞ்சினும் கொதிக்காது.

மீற்றரின் எர்த் வயரையும் (மின்சாரம் வண்டியின் தகடு வழியாகப் பற்றரியின் நெகற்றிவுக்குத் திரும்பும் வயர்) லைட்டின் எர்த் வயரையும் டாஷ்போட்டுக்குக் கீழே ஒரே ஆணியில் முறுக்கியிருந்தார்கள், அதுவும் பெயின்ற் அடித்த தகட்டின் மேலேயே. கடற்காற்றில் செப்பு வளையம் பச்சை பூத்துக் கிடந்தது. அந்த வளையத்துக்கும் பற்றரியின் நெகற்றிவுக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்தேன். லைட் எரியும்போது ஒரு வோல்ற்றுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தில் அது ஏறக்குறைய பூச்சியமாக இருக்கவேண்டும். அந்த வோல்ற்றுத்தான் முள்ளைத் தள்ளியது. பெயின்ற்றைச் சுரண்டி, புது வளையம் போட்டு, மீற்றருக்குத் தனி எர்த் கொடுத்ததும் முள் அசையாமல் நின்றது.

எர்த் நல்லதென்றால், எஞ்சினில் பூட்டித் தண்ணீரின் சூட்டை அளந்து மீற்றருக்குச் சொல்லும் சென்சரைப் பாருங்கள். சாவியைப் போட்டுவிட்டு சென்சர் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழவேண்டும். அதே வயரை எஞ்சின் இரும்பில் ஒரு கணம் தொட்டால் சூட்டுப் பக்கம் ஓடவேண்டும். ஓடினால் மீற்றரும் வயரும் நல்லவை, சந்தேகம் சென்சரில். நீண்ட நேரம் தொட்டு வைத்திருக்கக் கூடாது, சில மீற்றர்கள் எரிந்துவிடும். இப்படி ஒரே வயர் உள்ள சென்சர் தன் மரையால்தான் எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து அதில் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் அந்தத் தொடர்பும் கெடும்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் சென்சர் வெறும் காற்றில் நிற்கும், எஞ்சின் வேகும்போதும் முள் கீழேயே கிடக்கலாம். ஆகவே எஞ்சின் ஆறியபின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீரைக் கண்ணால் பாருங்கள். சூட்டோடு திறக்கவே வேண்டாம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்சர் இல்லாமல் மீற்றரை மட்டும் விற்காதீர்கள். ஒயில் அழுத்தத்தைக் காட்டும் மீற்றரையே எடுங்கள். ஒரு வகையில் சென்சரின் மின்தடை 10 முதல் 180 ஓம் வரை, அழுத்தம் கூடக் கூட ஓமும் கூடும். இன்னொரு வகையில் அழுத்தம் கூட 240 இலிருந்து 33 ஓமுக்கு இறங்கும். ஒன்றின் சென்சரை மற்றதில் பூட்டினால் முள் தலைகீழாக ஓடும். ஒயில் வற்றும் நேரத்தில் அழுத்தம் நிறைய இருப்பதாகக் காட்டினால் அந்த எஞ்சின் பிழைக்குமா? நான் வாங்கும் பெட்டிகள் பலவற்றில் ஓம் அளவும் இல்லை, தமிழில் ஒரு வரியும் இல்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, லேபல் பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை அதிகாரிகள் உதிரிப்பாகக் கடைகளுக்குள்ளும் ஒருமுறை நுழைந்து இந்தப் பெட்டிகளைப் பார்க்கவேண்டும். அளவு தெரியாத மீற்றரை வாங்கி ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டோடு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள்.

வாகன வயரிங் தொழிலாளி,
களுவாஞ்சிக்குடி.