செப்டம்பர் 4: கேக் வெட்டுவதற்கு முன்னால்

மதுரை
ஆகஸ்ட் 16, 2026

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. அமெரிக்காவில் உன் ஆபீஸில், வேலையிடத்து நல்ல பழக்க நாள், பேப்பர் போடுகிறவர்கள் நாள் இரண்டும் சேர்ந்து வருகிற செப்டம்பர் 4ஆம் தேதி ஏற்பாட்டை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

இரண்டு நாளுமே லீவு நாள் கிடையாது. 7ஆம் தேதி திங்கள்கிழமை வருகிற தொழிலாளர் தினம்தான் அங்கே லீவு. ‘வேலைக்கு வரும்போது நல்ல பழக்கத்தையும் கொண்டு வா’ என்கிற நாள் செப்டம்பரின் முதல் வெள்ளிக்கிழமை. பேப்பர் போடுகிறவர்களுக்கான நாள் கிழமை பார்க்காமல் 4ஆம் தேதியே வரும். 2020க்குப் பிறகு இந்த வருஷம்தான் இரண்டும் ஒரே நாளில் விழுகின்றன. இதை விட்டால் இனி 2037தான்.

அந்த 4ஆம் தேதி எப்படி வந்தது என்பதை நோட்டீஸ் போர்டில் நாலு வரி எழுதிப் போடு. 1833 செப்டம்பர் 3 அன்று நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் ‘தி சன்’ பத்திரிகையைத் தொடங்கினார். மற்ற பத்திரிகைகள் ஆறு சென்ட் விற்ற காலத்தில் இது ஒரு சென்ட். மறுநாளே, வேலையில்லாத ஆட்கள் வந்து விற்கலாம் என்று விளம்பரம் கொடுத்தார். ஆம்பிளைகளை எதிர்பார்த்தவரிடம் பார்னி ஃப்ளாஹர்ட்டி என்கிற பத்து வயதுப் பையன் வந்து நின்றான். உள்ளபடி அவன் வீடு வீடாகப் பேப்பர் போட்டவன் இல்லை, தெருவில் கூவி விற்றவன். ஆனாலும் அவன் பெயரில்தான் இந்த நாள் ஓடுகிறது.

கணக்கைக் கவனி. நூறு பேப்பரை ரொக்கத்துக்கு வாங்கினால் 67 சென்ட், கடனுக்கு என்றால் 75. எல்லாம் விற்றால் ரொக்கக்காரனுக்கு 33 சென்ட் கையில் நிற்கும். மழை பெய்து இருபது பேப்பர் தங்கிவிட்டால் அந்த நஷ்டம் பையனுடையது, முதலாளிக்குச் சம்பந்தமில்லை. 1899இல் நியூயார்க் பையன்கள் இந்த மாதிரிக் கணக்குக்காகத்தான் தெருவில் இறங்கினார்கள். முந்தைய வருஷம் ஸ்பெயின் போர்ச் செய்தியால் விற்பனை ஏறியபோது, பத்திரிகை முதலாளிகளான புலிட்சரும் ஹெர்ஸ்டும் பையன்களுக்கு நூறு பேப்பரின் விலையை 50 சென்ட்டிலிருந்து 60 ஆக்கினார்கள். போர் முடிந்தும் குறைக்கவில்லை. இரண்டு வார வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் விலை குறையவில்லை. ஆனால் விற்காத பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. பையன்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

இப்போது சைக்கிள் பையன் அநேகமாக இல்லை. சாயங்காலப் பத்திரிகைகள் போய் எல்லாம் காலைப் பத்திரிகை ஆனதும், காரில் வருகிற பெரியவர்கள் கைக்கு வேலை போய்விட்டது. நடுராத்திரிக்கு மேல் டிப்போவுக்குப் போய்ப் பண்டலைப் பிரிக்க வேண்டும். இணைப்புகளைச் சொருகி, சுருட்டி, ரப்பர் பேண்டோ பிளாஸ்டிக் உறையோ போட்டு, விடிவதற்குள் லைனை முடிக்க வேண்டும். பல இடங்களில் அவர்கள் கம்பெனி ஊழியரே இல்லை, ஒப்பந்தக்காரர்கள். பெட்ரோல், டயர் எல்லாம் அவர்கள் பாடு. உடம்புக்கு முடியாவிட்டால் மாற்று ஆளையும் அவர்களேதான் தேட வேண்டும். பேப்பர் லேட்டானால் எல்லாரும் பேப்பர்காரரைத் திட்டுவார்கள். அச்சு தாமதமாகி, டிப்போவில் பண்டலுக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்?

அதனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டி அவரைக் கூப்பிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். அவருக்கு அது நடுச்சாமம்.

வாழ்த்து அட்டையைக் கதவில் ஒட்டினால் அவர் கண்ணில் படாது, இருட்டில் காரைவிட்டு இறங்காமல் வீசிவிட்டுப் போகிறவர். தபால் பெட்டியிலும் வைக்கக் கூடாது. தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது அங்கே சட்டப்படி தப்பு. பேப்பருக்கென்று பக்கத்தில் தனிக் குழாய் மாட்டியிருப்பதே அதனால்தான். அந்தக் குழாயில் பணம் வைத்தால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். நிறையப் பத்திரிகைகளின் சந்தா படிவத்திலேயே டிப்ஸ் எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதலாம். இல்லாவிட்டால் விநியோகப் பிரிவுக்குப் போன் செய்து எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுக்கொள்.

பேப்பர் வாங்குகிற சகாக்களுக்கு: புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் விடிகாலை தானாக ஓடுவதுபோல் வைத்திருந்தால் நேரத்தை மாற்றட்டும். உறை போட்டாலும் வாய் திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், பழி அவர் மேல் விழும். வாசல் விளக்கை எரியவிட்டால் வீட்டு எண் தெரியும். ஊருக்குப் போகும்போது பேப்பரை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே விநியோகப் பிரிவில் சொல்ல வேண்டும். வாசலில் சீட்டு வைத்தால் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று திருடனுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

ஆபீஸ் பக்கம் வருவோம். ‘மிக மரியாதையான ஊழியர்’ என்று பரிசு கொடுக்கிற யோசனை கட்டாயம் வரும். ஒப்புக்கொள்ளாதே. பரிசு வைத்த அன்றே மரியாதை நடிப்பாகிவிடும், கிடைக்காதவர்களுக்கு மனவருத்தம் மிச்சம். வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதும் அப்படித்தான், மூன்றாவது ஆளுக்கே சரக்கு தீர்ந்துவிடும். ஒரு வாரம் முன்னால், 28ஆம் தேதி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடு. ‘அடுத்தவர் செய்கிற எந்தக் காரியம் உங்கள் வேலையைக் கூட்டுகிறது?’ என்ற ஒரே கேள்வி, பெயர் எழுத வேண்டாம். வந்ததில் மூன்றை எடுத்து 4ஆம் தேதிக்குள் சரிசெய்யுங்கள்.

ராத்திரி சுத்தம் செய்ய வருகிறவர்களிடமும் அந்தச் சீட்டு போக வேண்டும். பேப்பர்காரரைப் போலவே நீங்கள் பார்க்காத ஆட்கள் அவர்கள். அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று நானே சொல்லிவிடுவேன். பாதி காபி இருக்கிற கோப்பையைக் குப்பைக்கூடையில் போட்டால் பை ஒழுகித் தரைவிரிப்பில் கறை பிடிக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்காமல் வைத்தால் ஒரு வண்டிக்குப் பதில் மூன்று வண்டி தள்ள வேண்டும். உடைந்த கண்ணாடியைச் சும்மா போட்டால் கை கிழியும். அதைக் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி, தனியாக வைக்க வேண்டும்.

மற்றவை உனக்கே தெரியும்: கடைசிக் காபியை ஊற்றியவர் அடுத்ததைப் போட்டுவைப்பது, ஒருவருக்குப் போக வேண்டிய பதிலை நாற்பது பேருக்கு அனுப்பாமல் இருப்பது, மைக்ரோவேவில் மீன் குழம்பு சூடு பண்ணாமல் இருப்பது (கருவாடு பற்றி நான் சொல்லவே வேண்டாம்).

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் மரியாதை வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. ‘அனுப்புங்க’ என்றாலே போதும், ‘தயவுசெய்து’ தேவையில்லை. அதையே ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அந்த ‘ங்க’ வழியில் உதிர்ந்துபோய் வெறும் கட்டளைதான் மிஞ்சும். கேட்பவருக்கு நீ அதட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் ‘ப்ளீஸ்’ஸைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும். ‘சீக்கிரம்’ என்று எழுதாமல் வியாழன் மதியம் மூன்று மணிக்குள் என்று எழுது, எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்து. நன்றி சொல்வதென்றால் எதற்கு என்று சொல்: ‘அந்தப் பட்டியலை நேற்றே அனுப்பியதால் காலையில் வேலையை ஆரம்பிக்க முடிந்தது’ என்கிற மாதிரி.

போர்டில் இடம் மிஞ்சினால் நம்ம ராமேஸ்வரத்தையும் சேர். இரண்டாம் உலகப் போர் சமயம் ரயில் அங்கே நிற்காமல் போக, ஓடுகிற வண்டியிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்க உதவிய சிறுவன் அப்துல் கலாம். பார்னிக்குப் பக்கத்தில் அவர் படம் நன்றாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் வெள்ளி மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிடு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு, அதற்கு மேல் யாரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள். நீயும் வெளியூர் போவதாக இருந்தால் முதலில் உன் வீட்டுப் பேப்பரை நிறுத்தச் சொல்.

அன்புடன்,
அப்பா