சென்சார் வைத்த மூட்டு

அன்புள்ள தோழிக்கு,

உன் மெயில் கிடைத்தது. உன் முழங்காலுக்கு சென்சார் வைத்த செயற்கை மூட்டு போடலாமா என்று நியூஜெர்சி டாக்டர் கேட்டாராம், மகனும் உடனே தலையாட்டினானாம், உனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லையாம். ராத்திரி முழுக்க அதே நினைப்பு எனக்கு.

அந்த மூட்டின் பெயர் பெர்சோனா ஐக்யூ, அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அதை அனுமதித்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்குள் இறங்கும் மூட்டின் தண்டில் சென்சாரும் பேட்டரியும் இருக்குமாம். எத்தனை அடி நடந்தாய், என்ன வேகம், எவ்வளவு மடக்கினாய் என்று குறித்து வைத்து, வீட்டில் வைக்கும் ஒரு பெட்டி வழியாக அனுப்பிவிடுமாம்.

முதலில், தைரியமாகப் போட்டுக்கொள் என்று எழுதத்தான் நினைத்தேன். எனக்கு முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம் வலிக்குப் பயந்து நான் நடப்பதையே விட்டுவிட்டேன். டாக்டரிடம் "தினமும் நடக்கிறேன் சார்" என்று பொய் சொன்னேன். பிசியோ பெண் பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலில் வைத்துப் பார்த்து, "70 டிகிரிதான் மடங்குதும்மா" என்று மெதுவாகச் சொன்னபோது அழுதுவிட்டேன். சென்சார் இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஆனால் சென்சார் தரும் அந்தக் கணக்கு சிகிச்சை முடிவெடுக்க அல்ல, அதனால் நோயாளிக்குப் பலன் என்று நிரூபணமாகவும் இல்லை என்று அனுமதிக் குறிப்பிலேயே இருந்தது. அதனால் கேட்டுவிடு: அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நடக்காவிட்டால் போன் வருமா? இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போகுமா? நடுவில் வேண்டாமென்றால் நிறுத்தலாமா? மகன் கேட்டால் போதாது, கால் உன்னுடையது.

அப்புறம் இன்னொன்று. எனக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பை எங்கே வெட்டுவது என்று காட்டும் அச்சை என் அளவுக்கென்றே செய்தார்கள். அவ்வளவு அளவெடுத்தவர்கள், தரையில் சம்மணம் போடுவேனா, வாசலில் குந்திக் கோலம் போடுவேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி குந்தக்கூடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வலியைவிட அதுதான் என்னை உடைத்தது. பேத்தியோடு தரையில் உட்கார ஆசை என்றால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடு. முடியும், முடியாது என்று அவர் வாயால் கேட்டுக்கொள்.

எனக்கு இப்போது 110 டிகிரி மடங்குகிறது. நின்றபடி குனிந்தே கோலம் போடப் பழகிவிட்டேன். ஏழு புள்ளிக்கு மேல் இடுப்பு தாங்கவில்லை.

தேதி குறித்ததும் எழுது.

உன்
பழைய பெஞ்சுத் தோழி