தோள்பட்டைச் சுண்ணாம்பைக் கண்டுபிடிக்கக் கைகொடுத்தவர்களுக்கு

குமரி மாவட்டத் தோள்வலி முகாமுக்குத் துணைநின்ற எல்லோருக்கும் வணக்கம். தோளில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் கால்சியம் படிந்து வலி தருவதைத்தான் இங்கே ‘சுண்ணாம்பு’ என்கிறோம்.

முதல் நன்றி எக்ஸ்ரே அறையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு. தோளுக்கு ஒரே ஒரு நேர்ப்படம் எடுத்து அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். நீங்கள் சலிக்காமல் ஆளுக்கு மூன்று எடுத்தீர்கள்: உள்ளங்கை முன்னால் பார்க்கக் கையை வெளிப்பக்கம் திருப்பி ஒன்று, உள்பக்கம் திருப்பி ஒன்று, தோள்பலகையைப் பக்கவாட்டில் காட்டும் ஒன்று. சுண்ணாம்பு பெரும்பாலும் படிவது கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாணில், அது மேற்கை எலும்பில் ஒட்டும் இடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உள்ளே. கையை வெளிப்பக்கம் திருப்பினால் எலும்பின் தலைக்கு மேலே, வெந்த சோற்றுப்பருக்கை போல அது தனித்து நிற்கும். பின்பக்கத் தசைநாணில் இருந்தாலோ உள்பக்கம் திருப்பும்போதுதான் எலும்பின் நிழலை விட்டு வெளியே வரும். ஒற்றைப் படம் மட்டும் எடுத்திருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்பியிருப்போம். கதிரின் வீரியத்தை 70 கிலோவோல்ட்டை ஒட்டியே வைத்ததும் உதவியது. அதைக் கூட்டினால் இளகிய படிவு கறுப்பில் கரைந்து போகும்.

இளகிய படிவைத் தனியே சொல்லக் காரணம் உண்டு. விளிம்பு தெளிவாக, சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாகத் தெரிகிற சுண்ணாம்பு பல நேரம் அவ்வளவாக வலிப்பதில்லை. உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும்போது படத்தில் மேகம் போல மங்கும். ராத்தூக்கம் கெடுக்கும் வலி வருவது அப்போதுதான். மங்கலான படத்தைப் பார்த்து ‘குறைகிறது, கவலை வேண்டாம்’ என்று சொல்லி வலியைக் கவனிக்காமல் விடுவது பெரிய தப்பு.

அல்ட்ராசவுண்ட் பார்த்த டாக்டர்மாருக்கு: நோயாளியின் உள்ளங்கையைப் பின்பாக்கெட்டில் வைக்கச் சொல்லி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நீங்கள் பார்த்ததால்தான் தசைநாண் முழுதாக வெளியே வந்தது. கெட்டிச் சுண்ணாம்பு பின்னால் கறுத்த நிழல் விழுத்தும். அந்த நிழலுக்கு அடியில் கிழிசல் இருந்தாலும் தெரியாது. இளகியது நிழலே விழுத்தாது. ஊசி வழியே உப்புநீர் விட்டுச் சுண்ணாம்பைக் கழுவி எடுத்தவர்களுக்கு அந்த இளக்கம் கண்ணெதிரே தெரிந்தது: சிரிஞ்சுக்குள் உப்புநீர் பால் போலக் கலங்கி, சற்று நேரத்தில் அடியில் வெள்ளை மண்டியாகப் படிந்தது.

எம்ஆர்ஐ மட்டும் கையில் எடுத்து வந்தவர்களைக் கோபிக்காமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பிய உதவியாளர்களுக்கும் நன்றி. எம்ஆர்ஐயில் தசைநாணும் கறுப்பு, சுண்ணாம்பும் கறுப்பு. கண் எளிதில் ஏமாறும். சுற்றியிருக்கும் நீர்க்கோவை மட்டும் பளிச்சென்று தெரிவதால், கிழிசல் என்றோ கிருமித்தொற்று என்றோ எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வர்ம ஆசான்மாருக்கு எங்கள் மரியாதை. தோள் சூடாக, தொட்டாலே அலறும் நிலையில் வந்தவர்களை நீங்கள் தடவாமல், பிடிக்காமல் ‘முதல்ல படம் எடுத்துட்டு வா’ என்று அனுப்பினீர்கள். அந்த நேரத்து அழுத்தம் வலியைக் கூட்டவே செய்யும்.

கிராம சுகாதார செவிலியர்கள் வீடுவீடாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குத் தனி நன்றி: இது சாப்பாட்டுச் சுண்ணாம்பு இல்லை. பாலையும் நெத்திலியையும் நிறுத்துவதால் இது கரையாது. டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. (வெற்றிலைபாக்கை விடச் சொல்ல வேறு காரணங்கள் இருக்கின்றன, இது அதில் சேராது.)

கடைசியாக, ரப்பர் வெட்டுகிறவர்களும் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்களும் பரணிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்த பழைய பிலிம்கள். படிவு வளர்கிறதா கரைகிறதா என்று ஒரே நாள் படத்தை வைத்துச் சொல்வது கடினம். இரண்டை அடுத்தடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறையும் எடுத்து வாருங்கள். மூலையில் தேதி இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.