துப்பாக்கியை வாங்கி வைத்த இன்ஸ்பெக்டர் மேல் கேஸ் போட முடியுமா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வரும் போன்களில் பாதி இதே கேள்விதான். "லைசென்ஸ் சரியா இருக்கு, என் மேல ஒரு பெட்டி கேஸ் கூட இல்ல, பன்னி வந்து கிழங்கை எல்லாம் தோண்டிப் போட்டுட்டுப் போகுது, இந்த நேரத்துல துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைன்னா எப்படி? இன்ஸ்பெக்டர் மேல கேஸ் போடலாமா?" (சத்தத்துக்குத்தான் வேட்டு, பன்றியைச் சுட அல்ல. வனத்துறைக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.) நாங்கள் வக்கீல் இல்லை. ஆனால் ஆயுதச் சட்டத்தோடுதான் தினமும் பிழைப்பு என்பதால் தெரிந்ததை எழுதுகிறோம்.

லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் தேர்தல் முடியும் வரை துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கிற குழு ஒவ்வொரு லைசென்ஸையும் பார்த்து, ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு கலவரத்தில் சிக்கியவர் என்று பிரித்து, தேவைப்பட்டவருக்குத் தனியாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடப்பது வேறு. ஸ்டேஷன் ரைட்டர் போன் போட்டு "நாளைக்குள்ள கொண்டு வந்துடுங்க" என்பார், அவ்வளவுதான். காரணத்தை எழுதாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு உத்தரவைப் போட்டு ஒப்படைக்கச் சொல்ல முடியாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 2024 மார்ச்சில் சொன்னது. அது நம் மாநில அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் வக்கீல் சென்னையிலோ மதுரையிலோ எடுத்துக் காட்டலாம்.

சரி, உத்தரவு தப்பு என்றால் அதிகாரி மாட்டுவாரா? பெரும்பாலும் மாட்ட மாட்டார். 1959 ஆயுதச் சட்டத்தின் 40வது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு யார் மேலும் வழக்கு கிடையாது என்கிறது. அந்த நல்லெண்ணம் என்பதற்கு 1897 பொது விதிகள் சட்டம் சொல்லும் விளக்கத்தைப் பாருங்கள்: நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவாகச் செய்தாலும் பரவாயில்லை! மேலிடம் சொன்னதைச் செய்த ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு இந்தக் கவசம் நியாயம்தான். கூடாது என்று கோர்ட் சொன்ன பிறகும் அதே வாசகத்தில் உத்தரவைத் தட்டச்சு செய்து அனுப்புகிறவருக்கும் அதே கவசமா என்பதுதான் எங்களுக்கு ஜீரணிக்க முடியாதது. இதையும் மீறி நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போடுவதென்றால் முதலில் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் தேர்தலே முடிந்து போயிருக்கும்.

அதிகாரி சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. திருப்பிக் கொடு என்று ரிட் மனுவில் (அதிகாரியின் செயலை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடுவது) கோர்ட் உத்தரவு போட்டு, அதற்குப் பிறகும் வேண்டுமென்றே இழுத்தடித்தால் அது நீதிமன்ற அவமதிப்பு. 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அங்கே மேலிடத்தைக் காட்டித் தப்புவது கஷ்டம். இன்னொன்று, கெட்ட எண்ணத்தோடு அலைக்கழித்தது என்று நிரூபணமானால் இழப்பீட்டை அந்த அதிகாரியின் பையிலிருந்தே வசூலிக்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் வழி காட்டியது. அது வீடு ஒதுக்கீட்டு வழக்கு, ஆனாலும் எடுத்துச் சொல்லக்கூடியது. கெட்ட எண்ணத்தை நிரூபிப்பதுதான் மலை ஏறுகிற வேலை.

அதனால் கேஸை விடுங்கள், காகிதத்தைப் பிடியுங்கள். எழுத்தில் உத்தரவு கேளுங்கள். ரசீதில் லைசென்ஸ் எண், குழலில் பொறித்த எண், போர் (குழலின் உள்விட்ட அளவு), தோட்டா எத்தனை, கட்டையில் விரிசல் உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும். போன தேர்தலில் ஒருவருடைய இரட்டைக் குழல் திரும்பி வந்தபோது இடது குழலுக்குள் துரு பொரிந்து கிடந்தது. எண்ணெய் போடாமல் ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ரசீதில் "துப்பாக்கி 1" என்று மட்டும்தான் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

முடிவு அறிவித்து ஒரு வாரம் ஆனதும் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் கலெக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள், ரிட்டுக்குப் போனால் அதுதான் முதலில் தேவைப்படும்.

உங்கள் நோட்டீஸில் டீலரிடம் வைக்கலாம் என்று இருந்தால் தாராளமாக இங்கே வரலாம். லைசென்ஸ் அசல், நோட்டீஸ் நகல் இரண்டும் வேண்டும். தோட்டாவை எடுத்துவிட்டு, உறை போட்டுக் கொண்டு வாருங்கள். எண்ணெய் போட்டு வைப்பது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
கடையிலிருந்து