இரண்டு தோல் துண்டுகளுக்கு நன்றி

கனடாவின் வடமேற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் பழங்குடிகளான டால்ட்டான் மக்களின் பழைய பொருள்களுக்கான கண்காட்சி திறந்தாயிற்று. அந்தத் தோல், மணிவேலைப் பொருள்கள் நனைந்துபோன வாரம் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே திரும்பச் சொல்லவில்லை. நனைந்தவை எல்லாம் காய்ந்துவிட்டன. ஒரு பாசிமணிகூட உதிரவில்லை.

முதல் நன்றி இஸ்கட் என்னும் டால்ட்டான் ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு. திறப்பு விழாவுக்கென்று வந்தவர், தாம் பதனிட்ட மூஸ் (பெரிய வகை மான்) தோல் துண்டுகள் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று புகை காட்டியது, மற்றது காட்டாதது. "முதலில் இவற்றை நனைத்துப் பாருங்கள்" என்றார். அதன் பிறகுதான் கைகளுக்குத் தைரியம் வந்தது.

பதனிடுவதற்காக விலங்கின் மூளையைத் தேய்த்து, இழுத்து மெதுவாக்கிய தோலுக்கு உளுத்த மரப்புகை காட்டினால், புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். பிறகு நனைந்தாலும் பழைய மென்மை பெரும்பாலும் திரும்பிவிடும். புகை காணாத வெள்ளைத் தோலோ, நார்கள் ஒட்டிக்கொண்டு பலகை போல விறைத்துவிடும். எது எந்த வகை என்று முகர்ந்து பார்க்க வழியில்லை, பழைய சேகரிப்புகளில் பூச்சி வராமலிருக்க ஆர்செனிக் என்னும் நஞ்சு தடவியிருக்கலாம். தையல் மடிப்பின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார் அம்மா. வெயிலும் அழுக்கும் படாத அங்கே பழுப்பு ஓடியிருந்தால் புகை கண்ட தோல்.

கத்தி உறைகள்தான் மிகவும் பயமுறுத்தின. சிவப்புக் கம்பளித் துணியின் சாயம் பக்கத்துத் தோலில் இறங்கும். நனைந்த தசைநார் நூல் இளகி மணிகளை நழுவவிடும். மணி வேலைப் பக்கத்தை மேல்நோக்கி வைத்து, துணிக்கும் தோலுக்கும் நடுவே ஒற்றுத்தாள் செருகி, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தோம். சூடு மட்டும் கூடவே கூடாது: ஈரத் தோல் சூட்டில் சுருங்கினால் மறுபடி விரியாது. மணியில்லாத வெள்ளை ஓரங்களை, காயக் காய, விரலால் மெல்ல அசைத்தோம். எவ்வளவு அசைக்கலாம் என்று காட்டியது அம்மாவின் துண்டு.

ஒற்றுத்தாள் கட்டுகளை இரவோடிரவாக இறக்கிய பக்கத்து நூலகத்தார், ஈரப்பதத்தை 50 சதவீதத்தையொட்டி நிறுத்திய காவலர்கள், விளக்க அட்டைகளை வரிவரியாகத் திருத்திய டெலிகிராஃப் கிரீக், டீஸ் லேக் ஊர்களின் டால்ட்டான் பெரியவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

1910-இல் தங்கள் நிலத்தின் உரிமையை அறிவித்துக் கையெழுத்திட்ட மக்கள் டால்ட்டான் மக்கள். இனி இந்தப் பெட்டிகளில் எதுவும் டால்ட்டான் ஊர்க்காரர் ஒருவர் அருகில் இல்லாமல் திறக்கப்படாது. உலர்த்திய முறையும் ஒவ்வொரு பொருளின் ஆர்செனிக் சோதனை முடிவும் அடங்கிய கோப்பு மூன்று ஊர்களுக்கும் போகிறது. நாளை இவை ஊர் திரும்பி யாரேனும் எடுத்து அணிய நினைத்தால், முதலில் வேண்டியது அந்த முடிவுகள்தான்.